ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்த ஆட்டம்

சிங்கப்பூர் போய்வந்தவர்கள் எழுதுகிறார்கள், கொழும்பு போய்வந்தவர்கள் எழுதுகிறார்கள். நான் சிதம்பரம் போய்வந்தேன். கடலூரில் பஸ் ஏறினால், பஸ்ஸுக்கு மனசிருந்தால், காலைப் பலகாரம் ஜீரணமாவதற்குள் இறங்கிவிடலாம். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், பத்துக் கடலோடிகளையும் ஒரு நாட்டாரையும் ஒரு கூடை வாளைக் கருவாட்டையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அப்புறம் பேசலாம்.

கடலூர் துறைமுகத்துக்குத் தெற்கே இருக்கிற மீனவர் குப்பம் எங்களுடையது. நான் மட்டும் பத்தாவது வரை படித்து, முதுநகரில் ஒரு மரவாடியில் வேலைக்குப் போகிறவன். எங்கள் குப்பத்துக்கு கிரிக்கெட் வந்தது டிரான்சிஸ்டர் வழியாக. இங்கிலீஷில் வர்ணனைக்காரர்கள் பொழிவதை நான் தமிழில் சொல்வேன். எனக்குப் புரியாத இடங்களில் நானாக ஏதாவது சொல்வேன். அந்த இடங்கள் ஜாஸ்தி. ஆகவே எங்கள் குப்பத்துச் சட்டங்களில் பாதி லண்டனில் செய்தது, மீதி நான் செய்தது. ஒருத்தரும் கிரிக்கெட்டைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் எனக்கு ஆபத்தும் இல்லை.

அலை வந்து நனைத்துவிட்டுப் போகும் மணலுக்குச் சற்று மேலே இறுகிப்போன ஒரு பட்டை மணல் உண்டு. அதுதான் எங்கள் மைதானம். குப்பத்துப் பெண்கள் நெத்திலி காயப்போடுவதற்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. சண்டை இங்கேதான் ஆரம்பம். பந்து வந்து நெத்திலியில் விழும், எடுக்கப் போகிறவன் நெத்திலியை மிதிப்பான், அவன் வம்சத்தையே கூப்பிட்டு ஒரு பாட்டு விழும். பாட்டுப் பாடுவதில் முதல் ஆள் கன்னியம்மா அத்தை. எங்கள் கேப்டன் தனவேலுவின் சொந்தத் தாயார்.

தனவேலுவைப் பற்றி ஒரு வார்த்தை. அவன் எனக்கு மச்சான் முறை. விடிவதற்கு முன்னால் கட்டுமரம் தள்ளுகிறவன், வெயில் ஏறி வலையை உதறிப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவான். எனக்கு அந்த இடம் போனால் ஒரு வருத்தம், அவ்வளவுதான். டவுனில் சினிமாக் கொட்டகை இருக்கிறது. அவனுக்கு அந்த மணலைவிட்டால் வேறொன்றும் இல்லை. கடலில் எல்லோரும் சொல்கிறபடி செய்கிறவன், அந்தப் பட்டை மணலில்தான் தன் இஷ்டத்துக்கு வீசுவான். அதைப் பறித்துவிட்டால் அவன் என்ன ஆவானோ என்று எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

வழக்கு நாட்டாரிடம் போயிற்று. எங்கள் குப்பத்து நாட்டார் சிங்காரம் மாமா. கல்யாணத்திலிருந்து வலைத் தகராறு வரை அவர் தீர்ப்புத்தான். இரண்டு பக்கமும் கேட்டார், வெற்றிலை போட்டார், துப்பினார், சொன்னார்.

"வெளியூரான்கூட ஒரு ஆட்டம் ஆடுங்க. நானும் வந்து பாக்குறேன். ஜெயிச்சீங்கன்னா எடம் உங்களுது. தோத்தீங்கன்னா நெத்திலிக்கு."

வெளியூரானுக்கு நான் வழி செய்தேன். எங்கள் மரவாடிக்குத் தேக்கு பார்க்க சிதம்பரத்திலிருந்து ஒரு வக்கீல் குமாஸ்தா வருவார், சபேசன் என்று பெயர். அவர் அங்கே ஒரு கிரிக்கெட் டீமுக்கு கேப்டன். நாள் குறிப்பதில்தான் பெரிய பாடு. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்களுக்கு அமாவாசை லீவு, அன்றைக்குக் கடலுக்குப் போகமாட்டோம். இரண்டும் ஒன்றாக வரவேண்டும் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டினோம். கல்யாணத்துக்குக்கூட யாரும் இப்படித் தேடியிருக்கமாட்டார்கள். மாசியில் ஒரு நாள் கிடைத்தது.

காலையில் பஸ் ஸ்டாண்டில் முதல் வம்பு. ஒருத்தர் ஊருக்குப் போகும்போது வெறுங்கையோடு போவது குப்பத்துக்கு அவமானம் என்று நாட்டார் ஒரு கூடை வாளைக் கருவாடு கொண்டுவந்திருந்தார். முதல் தரம். கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, கூடை ஏறினால் தான் இறங்கிவிடுவதாகச் சொன்னார். கடைசியில் கூடை பஸ்ஸின் கூரைக்குப் போயிற்று. கூடைக்குக் காவலாக எங்கள் வேகப்பந்து வீச்சாளனும் கூரைக்குப் போனான்.

கூரையில் கருவாடு வைத்துக்கொண்டு போகிற பஸ்ஸுக்குக் காக்கைகள் துணை வரும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஆலப்பாக்கத்தில் ஒரு பத்து சேர்ந்தது. புதுச்சத்திரத்தில் கூட்டம் இரட்டிப்பானது. டிரைவர் ஹாரன் அடித்தால் கலைந்து, பஸ் நின்றால் திரும்ப வந்து உட்கார்ந்தது. மேலேயிருந்து வீச்சாளன் தாளம் மாதிரி தகரத்தைத் தட்டிக்கொண்டே வந்தான். பக்கத்து சீட்டு அம்மாள் ஒருத்தர், அமாவாசையும் அதுவுமாக இத்தனை காக்கை கூட வருகிறதே, யார் வீட்டுப் பெரியவர்களோ, பசியோடு இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை.

சிதம்பரம் வேறு தேசம் என்பது ஓட்டலுக்குள் நுழைந்ததும் தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாப்பாடு என்றால் குழம்புக்குள் என்ன கிடக்கிறது என்று பார்ப்போம். இங்கே கத்திரிக்காயைச் சுட்டு மசித்து, கொத்சு என்று பெயர் வைத்து, இட்லிக்குப் பக்கத்தில் மரியாதையாக ஊற்றினார்கள். தனவேலு முதலில் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். அப்புறம் எல்லோரும் இலையை வழித்தார்கள். அரிசிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. எங்கள் ஆட்கள் இரண்டாவது முறை இட்லி கேட்டபோது முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து, ஐயாமார்கள் எந்த ஊர், எப்போது கிளம்புவதாக உத்தேசம் என்று விசாரித்தார். நாட்டார் மட்டும் இலையைப் பார்த்துக்கொண்டே, கத்திரிக்காயையே இப்படிச் செய்கிறவன் கையில் ஒரு சுறா கிடைத்தால் என்ன செய்வான் என்று கவலைப்பட்டார்.

மைதானம் ஊருக்கு வெளியே. சபேசனும் அவர் ஆட்களும் வெள்ளைக் கால்சட்டையில் கஞ்சி மொடமொடக்க நின்றார்கள். எங்களில் நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தோம், மற்றவர்கள் அரைக்கால் சட்டை. நாட்டார் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக சபேசனிடம் போனார். பாவம், சுத்த சைவம் அந்த மனுஷர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு அமாவாசை ஆயிற்றே என்று பக்குவமாக நழுவப் பார்த்தார்.

"கருவாடு கெடாது தம்பி," என்றார் நாட்டார். "நாளைக்கும் ஆவும், நாளான்னைக்கும் ஆவும்."

சபேசன் கூடையை இரண்டு கையாலும் வாங்கி, கை எட்டும் மட்டும் தள்ளிப் பிடித்துக்கொண்டு போய், எல்லைக் கொடிக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டு வந்தார். காக்கைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன.

அம்பயர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருத்தர். முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு. ஆட்டத்துக்கு ஆஸ்பத்திரிக்காரரை எதற்கு முன்னாலேயே கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நாட்டார் என்னிடம் கேட்டார். இவர்தான் தீர்ப்பு சொல்கிறவர் என்றேன். நாட்டார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தவர், ஆட்டத்தைவிட்டு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் மேற்குப் பக்கம் எருமை குளிப்பாட்டுகிற குட்டை ஒன்று. இடம் போதாததால் குட்டையையும் கொடிக்கு உள்ளே சேர்த்திருந்தார்கள். பந்து அதில் விழுந்தாலும் ஆட்டம் நடக்கும், முடிந்தமட்டும் ஓடிக்கொள்ளலாம் என்று சபேசன் சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டினோம்.

அவர்கள் முதலில் ஆடினார்கள். ஸ்டம்புகளுக்கு நடுவே கயிற்றுப்பாய் விரித்திருந்தது. பாயில் பந்து விழுந்து எழும்பும் என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் மணல் எவ்வளவு இறுகினாலும் விழுந்த பந்து விழுந்ததுதான், அங்கேயே படுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஆட்கள் தரையில் படாமல் நேராக ஸ்டம்புக்கே எறிந்து பழகியவர்கள். சிதம்பரத்தார் பந்து எங்கே குத்தும் என்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவர்கள் கட்டைவிரலில் போய் உட்கார்ந்தது. நொண்டிக்கொண்டே ஒவ்வொருத்தராகப் போனார்கள். நூறுகூட எடுக்கவில்லை. ஜெயித்தாயிற்று என்று நாங்கள் மோர் குடிக்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டோம். ஆனை வாங்குவதற்கு முன்னால் அங்குசத்துக்குச் சண்டை போட்ட கதைதான்.

எங்கள் முறை வந்தது. முதல் பந்து பாயில் குத்தி எங்கள் முதல் ஆட்டக்காரன் மூக்குக்கு நேரே எழும்பியது. அவன் மட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். பந்துக்கு உயிர் இருக்கிறது என்று திரும்பி வந்து சொன்னான். அடுத்தவன் நெஞ்சில் வாங்கினான். அதற்கு அடுத்தவன், எழும்பும் பந்துக்குப் பயந்து, எழும்பாத பந்தில் போனான். ஐந்து பேர் போவதற்குள் நாட்டார் மரத்தடியில் இரண்டு தரம் வெற்றிலை மாற்றிவிட்டார். தனவேலு மட்டும் நின்றான். முதல் கொஞ்ச நேரம் திணறினான். அப்புறம் அலைக்குக் கட்டுமரத்தை நிமிர்த்துகிற மாதிரி ஒரு காலைப் பின்னால் வைத்து, எழும்புகிற பந்தை எழும்பவிட்டு அடித்தான். அடித்த அடியில் சிதம்பரத்தார் கருவாட்டுக் கூடையைத் தாண்டித் தாண்டிப் பந்து பொறுக்கினார்கள்.

கடைசி ஆளாக நான் உள்ளே போகும்போது ஐந்து ஓட்டம் வேண்டியிருந்தது. என்னால் ஒன்றும் ஆகாது என்பது குப்பத்துக்கே தெரியும். தனவேலு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"மச்சான், நீ ஒண்ணும் செய்யாத. நில்லு, போதும். எடம் போயிடக் கூடாதுடா."

அதுவரை எனக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது. எதிர் முனையில் போய் நின்றுகொண்டேன்.

பந்து வந்தது. தனவேலு தூக்கினான். பந்து மேற்கே உயரப் போய், இரண்டு எருமைகளுக்கு நடுவே குட்டையில் தொப்பென்று விழுந்தது. கரைக்கு ஓடிவந்த இரண்டு சிதம்பரத்தார் கால்சட்டையைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். இறங்கவில்லை. ஐந்து என்ன, ஐம்பதுகூட ஓடியிருக்கலாம்.

இங்கே எங்கள் குப்பத்துச் சட்டம் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இது லண்டனில் செய்ததும் இல்லை, நான் செய்ததும் இல்லை, நாட்டார் செய்தது. பந்தைக் கடலில் அடித்தவன் தானே நீந்திப் போய் எடுத்துவர வேண்டும். அவன் வரும்வரை எல்லோரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். எத்தனையோ பந்துகளை அலை கொண்டுபோன பிறகு போட்ட கட்டளை.

தனவேலு ஓடத்தான் ஆரம்பித்தான். பாதி வழிகூட வந்துவிட்டான். அப்போது வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து நின்று நாட்டார் ஒரு கத்து கத்தினார்.

"டேய், பந்த எவன்டா எடுப்பான்? ஒங்கப்பனா?"

ஆயிரம் தரம் கேட்ட கத்தல் அது. தனவேலுவின் கால் தானாகத் திரும்பியது. மட்டையைக் கீழே போட்டான், குட்டையை நோக்கி ஓடினான், தலைகுப்புறப் பாய்ந்தான். நான் மட்டும் ஓடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தக் கத்தலுக்கு என் காலும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. அவன் முங்கி எழுந்து, எருமையின் முதுகில் கை ஊன்றிக் கரையேறி, பாசியும் சேறுமாக நடந்து வந்து, பந்தைச் சட்டையில் துடைத்து, வீச்சாளர் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

சபேசன் தயங்கித் தயங்கி அம்பயரிடம் போய்க் கேட்டார். ஆடிக்கொண்டிருக்கிறவன் பந்தைக் கையால் எடுத்தால் அவுட் என்று ஒரு சட்டம் இருக்கிறதாம். டிரான்சிஸ்டரில் எனக்குப் புரியாத எத்தனையோ இடங்களில் அதுவும் ஒன்றாயிருக்கும். டிராயிங் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலைத் தூக்கினார்.

தனவேலு விரலைப் பார்த்தான். நாட்டார் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தான். மட்டையை எடுத்துக்கொண்டு சொட்டச் சொட்ட வெளியே நடந்தான். தோற்றுப்போனோம்.

கை குலுக்கும்போது சபேசன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. நாட்டார் அம்பயரைத் தேடிப் போய், சபேசன் வந்து கேட்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார். கேட்டால்தான் சொல்வோம், கேட்காவிட்டால் கண்ணால் பார்த்தாலும் சொல்லமாட்டோம் என்றார் மாஸ்டர். எங்கள் பக்கத்திலும் பிராது வந்தால்தான் பஞ்சாயத்து என்றார் நாட்டார். இரண்டு பேரும் மரத்தடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசினார்கள். கிளம்பும்போது மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, அந்தக் கூடையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லையென்றால் என்று இழுத்தார். கூடை அவர் சைக்கிளில் ஏறியது. காக்கைகளும் எங்களை விட்டுவிட்டு அவர் பின்னால் போய்விட்டன.

திரும்பி வரும் பஸ்ஸில் கடைசி சீட்டில் தனவேலு எருமைக் குட்டை வாசத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசு பொறுக்கவில்லை. என் வாய் சும்மா இருக்குமா.

"மாமா, நீங்க கத்தாம இருந்திருந்தீங்கன்னா…"

"தெரியும்டா," என்றார் நாட்டார். கொஞ்ச தூரம் போனபின் தனவேலுவைப் பார்த்துக் கேட்டார். "அந்த மனுசன் வெரலத் தூக்குனாரு. நீ ஏன்டா வாயத் தெறக்கல?"

"அம்பயரு தூக்கிட்டா போவணும் மாமா. அதான் ஆட்டம்."

காலமெல்லாம் தீர்ப்பு சொன்ன மனிதர் நாட்டார். ஒரு தீர்ப்புக்காவது ஒருத்தனும் சரி என்று எழுந்து போனது கிடையாது. போன வருஷம் வலைத் தகராறில் இதே தனவேலு அவரோடு நாள்கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் குப்பம் கூடியது. கன்னியம்மா அத்தை முறத்தில் நெத்திலியோடு, ஜெயித்த கட்சியாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். செய்தி முதல்நாளே தெரிந்துவிட்டதே. தனவேலு தூரத்தில் படகு மேல் சாய்ந்துகொண்டு நின்றான். கண் இடுங்கிப் போயிருந்தது. நாட்டார் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார், தான் கத்தியது உட்பட. அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"தோத்தானுவ. சொன்ன சொல்லு சொல்லுதான். ஆனா தோக்க வெச்சவன் நானு. குத்தவாளியே தீர்ப்பு சொல்றது மொற இல்ல. அதனால இதுக்கு நான் தீர்ப்பு சொல்லல. கன்னியம்மா சொல்லட்டும்."

தொலைந்தது என்று நினைத்தேன். பாம்பிடமே தவளையைப் பஞ்சாயத்துக்கு விட்ட மாதிரி. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. கன்னியம்மா அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு மகனைக் கூப்பிட்டாள்.

"வெள்ள சொக்கா போட்டவனுவ தண்ணியில எறங்கலியா?"

"இல்லம்மா."

"கரையில நின்னு பாத்துக்குனு இருந்தானுவ?"

"ஆமா."

"நீ எறங்கி எடுத்து, அவுனுவ கையிலயே குடுத்த."

தனவேலு தலையை ஆட்டினான்.

"அதுக்கு அவுட்டா?"

அது சட்டம் என்று நான் வாயெடுத்தேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் பின்னால் நகர்ந்துகொண்டேன். அவள் எழுந்தாள், புடவையை உதறினாள், கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"அந்த சிதம்பரத்தானுவள இங்க வரச் சொல்லு. நம்ம கடல்ல அடிக்கச் சொல்லு. எவன் எறங்கி எடுக்குறான்னு நானும் பாக்குறேன். அதுவரைக்கும் அந்த எடத்துல ஒரு நெத்திலி காயக் கூடாது."

பெண்கள் திகைத்துப் போனார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல வந்தாள். கன்னியம்மா அத்தை திரும்பிப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாட்டார் தீர்ப்பு ஆயிற்று என்று எழுந்துவிட்டார். தனவேலு படகின்மேல் ஏறி உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அன்றிரவே சபேசனுக்கு, குப்பத்துக்கு வந்துபோகும்படி ஒரு கார்டு எழுதிப்போட்டேன். கால்சட்டையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த நாள் வெயில் சாய்ந்ததும் மணலில் ஸ்டம்ப் நட்டோம். கன்னியம்மா அத்தை தன் நெத்திலியை வீட்டுக் கூரைமேல் காயப்போட்டுவிட்டு, வெற்றுக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வந்து உட்கார்ந்தாள். நான் போட்ட முதல் பந்து தனவேலுவின் மட்டைக்கு எட்டாமல் பக்கத்தில் போயிற்று.

"சிதம்பரத்தான் வந்தாலும் இப்பிடித்தான் உட்டுட்டு நிப்பியா?" என்று கேட்டாள் அத்தை.